காலைத் தட்டிவிட்டுப் போனவள்

ஒன் கழுத்துல கெடக்குற அட்டையப் பாத்துதான் இந்த சீட்டுல வந்து உக்காந்தேன் மக்கா. இல்லேன்னா பின்னால எவ்வளவோ எடம் காலியாக் கெடக்கு. பிளான்ட்டுல ட்ரெய்னிங்குக்குத்தானே போற? கதிர்வீச்சு அளக்குற வேல. நெனச்சேன். பயப்படாத, நான் அணு உலை எதுப்புப் போராட்டத்துக்கு ஆள் சேக்க வந்தவ இல்ல. பிளான்ட்டு மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. என் கோவமெல்லாம் ஒரு பொண்ணு மேல. ஒன்ன மாதிரி அட்ட போட்ட பொண்ணு. எம் மவன் கல்யாணம் அவளாலதான் நின்னு போச்சு. இப்போ அவளத் தேடித்தான் போறேன், அதுவும் ஒரு உதவி கேட்டு. என் நெலமையப் பாத்தியா.

அந்த ஜன்னலக் கொஞ்சம் சாத்து. காத்து மூஞ்சில அடிக்கி. ஆங், போதும்.

எம் பேரு கித்தேரியம்மா. எனக்கு ஒரே மவன், ரெஜின். மீன்பிடி போட்டு எஞ்சின் ரிப்பேர் பாக்குதான். அவன் அப்பா கடலுக்குப் போயி திரும்பி வரல. அப்போ இவன் என் இடுப்புல இருந்தான். அன்னையிலேர்ந்து நானும் அவனும்தான். நான் கிழிச்ச கோட்ட அவன் தாண்டமாட்டான். "சரிம்மா"ங்கதத் தவிர ஒரு வார்த்த எதுத்துப் பேசத் தெரியாது. அப்படி வளத்திருக்கேன். ஊர்ல கேட்டுப் பாரு, கித்தேரி மவன் மாதிரி உண்டான்னு.

அந்தப் பொண்ணு பேரு அக்சிலியா. பக்கத்துப் பங்குக் கோயிலச் சேந்தவ. அவ அப்பன் போட்டுல எஞ்சின் ரிப்பேர் பாக்கப் போன எடத்துல இவன் பாத்திருக்கான். ஆனா ஊருக்கு நான் பாத்த பொண்ணுன்னுதான் சொன்னேன், நீயும் அப்படியே வச்சுக்கோ. பிஎஸ்சி பிசிக்ஸ் படிச்சிருந்தா. நெறம் கொஞ்சம் மட்டம், ஆனா மூக்கும் முழியும் குத்தம் சொல்ல முடியாது. பரீச்ச எழுதுனா, பிளான்ட்டுல ட்ரெய்னிங்குக்கு எடுத்துட்டாவ. நான்தான் கோயில்ல எல்லார்ட்டயும் சொன்னேன், எம் மருமவ மத்திய அரசு வேலன்னு. நிச்சயம் முடிஞ்சுது, மோதிரம் போட்டாச்சு. ட்ரெய்னிங் முடிஞ்ச ஒடனே கல்யாணம்னு பேச்சு.

ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு வீட்டுக்கு வருவா. வந்தா வாயி ஓயாது. இன்னைக்கு இதப் படிச்சோம் மாமி, நாளைக்கு அதச் செய்யணும் மாமின்னு. ஒங்களுக்கும் உண்டுல்லா, அந்த உடுப்பு போட்டுக் கழத்துற பரீச்ச? உடம்பு மூடுன உடுப்பு, கையில ஒண்ணுக்கு மேல ஒண்ணா கையுற. கழத்தும்போது உறையோட வெளிப்பக்கம் தோல்ல படக்கூடாது. ஒரு பெஞ்சத் தாண்டும்போது அழுக்குக் காலு அந்தப் பக்கம், சுத்தக் காலு இந்தப் பக்கம், மாறிப் படக்கூடாது. பட்டா ஃபெயிலு. மாஸ்டருமாரு உடுப்பு மேல ஒரு பொடியப் பூசிட்டு, கழத்தி முடிச்ச ஒடனே தோல்ல பொடி ஒட்டியிருக்கான்னு பாப்பாவளாம். அவளுக்கு அது மட்டும் வரல. கழத்துற அவசரத்துல மணிக்கட்டுல பட்டுருமாம்.

அதுக்கு என்ன பண்ணுனா தெரியுமா? என் அடுக்களையில நின்னுகிட்டு, ரப்பர் கையுறய மாட்டி, அது மேல என் மஞ்சப்பொடிய அள்ளிப் பூசி, கழத்திக் கழத்திப் பாக்குதா. நான் வெயில்ல காயவச்சு மில்லுல குடுத்து அரச்ச மஞ்ச. இவன் பக்கத்துல நின்னு பூசிவிடுதான். "இந்தா, இங்க பட்டுட்டு, ஃபெயிலு"ன்னு அவ மணிக்கட்டப் புடிச்சுக் காட்டுதான். ரெண்டு பேரும் சிரிக்காவ. அவன் அப்படிச் சத்தம்போட்டுச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. என்ட்ட சிரிக்க அவனுக்கு என்ன இருக்கு? வருவான், திம்பான், படுப்பான். அன்னைக்கு அடுக்களைத் தரையெல்லாம் மஞ்ச. நான்தான் தொடச்சேன். வாறவ சின்னப் பொண்ணு, போவட்டும்னு விட்டுட்டேன்.

அப்போதான் பக்கத்து வீட்டு விரோணிக்கா ஒரு வார்த்தையப் போட்டா. "எக்கா, அந்தப் பிளான்ட்டுல வேல பாக்குற பொண்ணுவளுக்கு வயித்துல புள்ள தங்காதாமே." அவளுக்கு யார் சொன்னதுன்னு கேட்டா அவளுக்கே தெரியாது. ஆனா மனசுல விழுந்துட்டுல்லா? ஒரே மவன் மக்கா. எனக்குப் பேரப்புள்ள வேண்டாமா? அக்சிலியாட்ட நேராவே கேட்டேன். அவ மூஞ்சி சுருங்கல. ஒவ்வொருத்தருக்கும் நெஞ்சுல ஒரு பேட்ஜ் உண்டு மாமி, எவ்வளவு பட்டுதுன்னு அது காட்டிரும், புள்ளத்தாச்சின்னு தெரிஞ்சா உள்ளயே விடமாட்டாவ, அதப் பாத்துக்குறதுதான் எங்க வேலையேன்னு வெளக்குனா. நானும் தலையாட்டுனேன். ஆனா நெஞ்சுல பேட்ஜ் குத்திகிட்டுப் போற எடத்துக்கு ஒரு பொண்ணு எதுக்குப் போவணும்? நீயே சொல்லு. கோவிச்சுக்காத, ஒன்னச் சொல்லல.

அந்த வருசம் எங்க பங்குத் திருவிழா வந்துது. சப்பரம் தெரு வழியா வரும். அதுக்கு ஒவ்வொரு வீட்டு முற்றத்துலயும் புதுசா கடமணல் விரிப்போம். மத்தவளுவ கைக்குக் கெடச்ச வெள்ள மணல அள்ளிப் போட்டுருவாளுவ. நான் அப்படியில்ல. ஆறு கடல்ல சேர்ற பொழி முகத்துப் பக்கம் அலை ஒதுக்குற கருமணல ஆள் வச்சு அள்ளிட்டு வருவேன். அது கனமா இருக்கும், காத்துக்குப் பறக்காது, வெயிலுபட்டா மினுங்கும். தெருவுலயே எங்க முற்றந்தான் பாக்க நிக்கும். அந்த வருசம் மருமவ வாறான்னு இன்னும் மொத்தமா விரிக்கச் சொன்னேன். அவளும் திருவிழாவுக்கு வந்தா. செருப்பக் கையில எடுத்துட்டு வெறுங்காலோட அந்த மணல்ல நடந்து வந்து, "மாமி, மெத்த மாதிரி இருக்கு"ன்னா. அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அந்த மணல்லதான் இவனோட உக்காந்து பேசிகிட்டு இருந்தா.

மறுநாள் ட்ரெய்னிங்குக்குப் போயிட்டு வெளிய வாறா. வாசல்ல கையும் காலும் வச்சுப் பாக்குற மெஷின் இருக்குமே, அதுல ஏறி நின்னாளாம், கதிர்வீச்சு ஒட்டியிருந்தா அது மணி அடிக்கும். அடிச்சிட்டு. மறுபடி நிக்கச் சொன்னாவளாம். மறுபடியும் அடிச்சிட்டு. எல்லாரும் பாக்காவ. கால மாறி வச்சுட்டியா, பெஞ்சத் தாண்டும்போது என்ன பண்ணுனன்னு மாஸ்டருமாரு கேக்காவ. இவ இல்லன்னு சொல்லுதா. யாரு நம்புவா, முன்னயே அந்தப் பரீச்சயில தட்டுக்கெட்டவ. கால நல்லாக் கழுவவச்சு, செருப்ப ஒரு பையில போட்டு வாங்கிட்டு, இது எங்கிருந்து வந்துதுன்னு தெரியுற வரைக்கும் நீ உள்ள வர வேண்டாம்னுட்டாவ. இவன்ட்ட போன்ல அழுதா. இவனுக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. நான் சொன்னேன், நல்லதாப் போச்சு, மாதாவே வழி காட்டுதான்னு. அவன் எந்திரிச்சுப் போயிட்டான்.

அதுக்குப் பெறவுதான் மக்கா அந்தக் கூத்து.

பூச விட்டு சனமெல்லாம் தெருவுல நிக்குற நேரம். பிளான்ட்டு ஜீப்பு ஒண்ணு எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கி. அதுலேர்ந்து இவ எறங்குதா, கூட ஒரு ஆபீசரு. கையில மெஷினு. செருப்புத் தையலுக்குள்ள மணலு இருந்துதாம், அது எங்க உள்ள மணல்னு பாக்க வந்திருக்காவளாம். நான் கைய நீட்டி வாங்கன்னு சொல்லுததுக்குள்ள ஆபீசரு குனிஞ்சு முற்றத்துல காட்டுதாரு. அது கரகரன்னு கத்துது. நிறுத்தாம கத்துது. தெருவே கூடிட்டு. விரோணிக்கா மதிலு மேல ஏறாத கொறதான்.

ஆபீசரு நல்ல மனுசன்தான், கொற சொல்லக் கூடாது. "அம்மா, பயப்பட ஒண்ணுமே இல்ல. இது இந்தக் கடக்கரையில இயற்கையாவே உள்ள மணலு. பிளான்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. காலங்காலமா கெடக்கு, நீங்களும் இதுலதானே நடந்து வளந்திருக்கீங்க"ன்னாரு. கொஞ்சம் மணல ஒரு கவர்ல அள்ளிகிட்டாரு. அத்தோட போயிருந்தா சரி. இவ சும்மா இருந்தாளா? சந்தோசம் தாங்கல அவளுக்கு. என் ரெண்டு கையையும் புடிச்சுகிட்டு, அத்தன பேரு முன்னாலயும் சிரிக்கா. "மாமி, என் மேல தப்பு இல்ல மாமி. எல்லாம் ஒங்க மணலுதான். நாங்க உள்ள நடக்குற பாதையில கூட இவ்வளவு அடிக்காது மாமி."

எப்படி இருந்திருக்கும் எனக்கு? என் வீட்டு வாசல்ல நின்னுகிட்டு, என் முற்றத்த விட அந்த அணு உலை மேலுன்னு சொல்லுதா. சிரிச்சுகிட்டுச் சொல்லுதா. அவ பேரு தப்பிச்சுதுன்னா போதும், என் மானம் கப்பலேறுனா அவளுக்கென்ன.

அதையும் பொறுத்துகிட்டேன், சத்தியமா பொறுத்துகிட்டேன். தண்ணி குடிச்சுட்டுப் போங்கன்னு சொன்னேன். குடிச்சா. பெறவு போவும்போது என்ன பண்ணுனா தெரியுமா? வாசப்படியத் தாண்டி தெருவுல நின்னுகிட்டு, ஒரு கையால மதிலப் புடிச்சு, ஒவ்வொரு காலாத் தூக்கி, உள்ளங்கால, வெரலு இடுக்க, எல்லாம் தட்டித் தட்டி விடுதா. ஒரு மணலு ஒட்டக் கூடாதாம். செருப்பு ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு அடிச்சு உதறுதா. ஊரே பாத்துகிட்டு நிக்கி.

ஒரு வீட்டு வாசல்ல நின்னு காலு தூசிய உதறிட்டுப் போனா என்ன அர்த்தம்னு எங்க சனத்துல பச்சப் புள்ளைக்கும் தெரியும். இனி இந்த வீட்டுக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. அதுதான் அர்த்தம். சாபம் போடுததுக்குச் சமம். "என்னளா பண்ணுத?"ன்னு கேட்டேன். "இல்ல மாமி, நாளைக்கு உள்ள போவணும். மறுபடி மெஷினு அடிச்சா என்ன வெளிய அனுப்பிருவாவ"ன்னு சொல்லுதா, மூஞ்சில ஒரு கள்ளமும் இல்லாத மாதிரி. நல்லாப் படிச்சவ, பதில் சொல்லத் தெரியாதா? நான் அங்கனயே சொல்லிட்டேன். "அந்த வேலைய விட்டுட்டு வா. இல்லேன்னா இந்தப் படிய இனி மிதிக்காத."

அவ சிரிப்பு நின்னு போச்சு. என்னப் பாக்கல. இவனத்தான் பாத்தா. இவன் கதவுப் பக்கம் நின்னான். "ரெஜின், நீ என்ன சொல்லுத?"ன்னு கேட்டா. இவன் என்னப் பாத்தான், அவளப் பாத்தான். "அம்மா சொல்லுத மாதிரி..."ன்னு ஆரம்பிச்சான். முடிக்கல. அவ மோதிரத்தக் கழத்தி மதிலு மேல வச்சா. பாத்துப் பைய வச்சா, கீழ விழுந்துறக் கூடாதுன்னு. ஜீப்புல ஏறிப் போயிட்டா.

பாத்தியா எம் மவன. அத்தன பேரு முன்னால அம்மாவ விட்டுக்குடுக்கல. அன்னைக்கு எனக்கு உண்டான பெருமை இருக்கே, அத எப்படிச் சொல்ல.

என்ன மக்கா, வெளிய பாக்குத? கேட்டுகிட்டுதானே இருக்க? சரி.

நல்ல எடமாப் பாத்து அடுத்த திருவிழாவுக்குள்ள முடிச்சுருவோம்னு நெனச்சேன். எம் மவனுக்கு என்ன கொற? குடி கெடையாது, பீடி கெடையாது. தரகரு நல்ல நல்ல எடமாக் கொண்டுவந்தாரு. பொண்ணு வீட்டுல போட்டோ பாப்பாவ, சரின்னுவாவ, பெறவு பேச்சு மூச்சு இருக்காது. காரணம் என்னன்னு பாத்தா, நீ நம்பமாட்ட. கித்தேரி வீட்டு முற்றத்துல மெஷினு கத்துச்சாம். அந்த வீட்டுல விசம் இருக்காம். அங்க பொண்ணு குடுத்தா வயித்துல தங்காதாம். எல்லாம் அந்த விரோணிக்கா பரப்புனது. அவ வீடு எங்க வீட்டுக்கு அடுத்த வீடு, அது மட்டும் என்ன வேற கடக்கரையா?

இப்படியா ஒரு அநியாயம் உண்டு? ஒரு வெவரமும் தெரியாம, யாரோ சொன்னான்னு, ஒரு குடும்பத்த இப்படி ஒதுக்கலாமா? ஒவ்வொரு வீட்டுலயும் போயிச் சொன்னேன். ஆபீசரே சொன்னாரு, இது இயற்கையா உள்ளது, பயப்பட ஒண்ணும் இல்லன்னு. நான் இதுல நடந்துதானே புள்ள பெத்தேன், எனக்கு என்ன ஆச்சுன்னு. ஒருத்தி காதுல வாங்கல. முற்றத்து மணலப் பூராவும் அள்ளிக் கடல்லயே கொட்டிட்டு சிமென்ட் போட்டேன். அதுக்கும் பேச்சு. விசம் இருந்ததுனாலதானே அள்ளுனான்னு பேசுதாளுவ. படிக்காத சனத்துக்கிட்ட எத எடுத்துச் சொல்ல?

வருசம் பல போச்சு. இவனுக்கு முன்னந்தலயில வழுக்க ஏறிட்டு. "பொண்ணு பாக்கட்டா?"ன்னா "பாரும்மா"ம்பான். "இது தட்டிப்போச்சு"ன்னா "சரிம்மா"ம்பான். ரெண்டுக்கும் ஒரே குரல். வருவான், திம்பான், படுப்பான்.

கடைசியில பங்குச் சாமியாருதான் சொன்னாரு. "அக்சிலியா இப்போ பிளான்ட்டுலயே வேலையில இருக்கு. ஊர் ஊராப் போயி இந்தக் கதிர்வீச்சப் பத்திக் கூட்டம் போட்டுப் பேசுது, சனங்க கேக்காவ. அந்தப் பொண்ணு ஒரு தடவ நம்ம பங்குக்கு வந்து, கித்தேரியம்மா வீட்டுல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டா எல்லார் வாயும் அடைஞ்சுரும்"னாரு. நான் அவ முன்னால போயி நிக்கவா? தூக்கம் இல்ல மக்கா. ஆனா மவனுக்காக எறங்கித்தானே ஆவணும். அவ வந்து, மெஷினக் காட்டி, இந்த வீட்டுல பொண்ணு குடுக்கலாம்னு சொல்லிட்டுப் போவட்டும். அவ பண்ணுனத அவளே சரி பண்ணட்டும். அது நியாயந்தானே?

இன்னைக்குக் காலையில இவன்ட்ட சொன்னேன், இப்படிப் போறேன்னு. கையில இருந்த தோசைய அப்படியே வச்சுட்டான். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தான். இத்தன வருசத்துல ஒருநாளும் வந்ததில்ல. "நானும் வரட்டாம்மா?"ன்னான். நீ எதுக்குன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுகிட்டான். பஸ்சு எடுக்குத நேரம் ஜன்னல்கிட்ட வந்து, "அவ எப்படி இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லும்மா"ன்னான். பஸ்சு திரும்புத வரைக்கும் அங்கனயே நின்னான்.

என்ன சொன்ன? ஒனக்கு அவளத் தெரியுமா? ஒங்களுக்கு க்ளாஸ் எடுக்காளா, அக்சிலியாவா? உடுப்பு கழத்தச் சொல்லிக்குடுக்குறதே அவதானா. பாரேன். அந்தப் பரீச்சயிலயே தட்டுக்கெட்டவ.

சரி, அவ வீட்டுக்காரன் என்ன பண்ணுதான்? பிளான்ட்டுலதான் வேலையா?

கல்யாணமே ஆவலையா?

இன்னுமா ஆவல? ஒனக்கு யாரு சொன்னா? அவளேவா. வந்த எடத்தையெல்லாம் வேண்டாம்னுட்டாளாமா? ஏன்னு கேட்டீங்களா? சும்மா சிரிச்சாளா.

இதத்தான் மக்கா நான் அன்னைக்கே சொன்னேன். அந்த வேலைக்குப் போற பொண்ண எவன் கட்டுவான்? வேண்டாம்னு அவ சொன்னாளாம். வெளிய எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்குவாவ.

எங்க வந்திருக்கு? அடுத்த ஸ்டாப்புதானா. நீ எறங்கு, நேரமாவும் ஒனக்கு. இல்ல, நான் எறங்கல. கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயி, திரும்புத பஸ்சுலயே வீட்டுக்குப் போயிருதேன். கூட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பொண்ணு கெடைக்கலேன்னா என்ன, என்னக் கொண்டு போவுத வரைக்கும் நான் பொங்கிப் போட மாட்டனா அவனுக்கு?

நீ அவகிட்ட ஒண்ணும் சொல்லாத, கேட்டியா. இப்படி ஒருத்தி வந்தான்னு சொல்லாத. பஸ்சுல ஆயிரம் பேரப் பாக்கோம்.

அவன் கேப்பான். வாசல்லயே நிப்பான் இன்னைக்கு. கல்யாணம் பண்ணி வடக்க எங்கயோ போயிட்டாளாம்னு சொல்லிருவேன். நம்பிருவான். நான் சொன்னா அவன் எதையும் நம்புவான்.